வெள்ளை எழுத்து எங்கே போனது?

பெட்டியைப் பிரித்து மேலே இருந்த கையேட்டை எடுத்தேன். கருநீல அட்டை. திரையில் பார்த்த அதே ஆழமான நீலம், கையில் பிடிக்கவே சுகமாக இருந்தது. பின்னட்டை போலிருக்கிறது என்று திருப்பினேன். அந்தப் பக்கமும் பின்னட்டைதான். மறுபடி திருப்பினேன். தலைப்பைக் காணோம்.

அடுத்த பிரதி, அதற்கடுத்தது, பெட்டியின் அடியிலிருந்து உருவியது, எல்லாம் ஒரே மாதிரி. ஒரு புகைப்படக் கண்காட்சிக்காக நான் வடிவமைத்த 16 பக்கக் கையேடு, 1,000 பிரதிகள். வடிவமைப்புப் படிப்பை முடித்த கையோடு வந்த முதல் உருப்படியான வேலை. அட்டையின் நடுவில் வெள்ளை எழுத்தில் பெரிதாக ஒரு தலைப்பு இருக்க வேண்டும். அது எங்கே போனது என்று எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தேன், இருந்தது. அச்சகம் அனுப்பிய ப்ரூஃப் பிடிஎஃப்பைப் போனில் திறந்தேன், அதிலும் இருந்தது. நான்தான் "ஓகே, அடிக்கலாம்" என்று பதில் போட்டிருந்தேன்.

அச்சகத்துக்கு ஓடினேன். மெஷின் ஓட்டும் அண்ணன் கையேட்டை வாங்கி ஒரு கணம் பார்த்துவிட்டு, "எழுத்து இல்லாததைப் பாத்தேன் தம்பி. இப்பல்லாம் இப்படித்தான் டிசைன் பண்றாங்கன்னு நெனச்சேன்" என்றார். கிண்டல் எதுவும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

நடந்தது இதுதான். அந்தத் தலைப்பை முதலில் கருப்பில் போட்டிருந்தேன். கருப்பு எழுத்துக்கு 'ஓவர்பிரிண்ட்' என்ற ஒரு குணத்தைக் கொடுப்பது வழக்கம். கீழே இருக்கும் நிறத்தில் எழுத்தின் வடிவத்தை வெட்டி எடுக்காதே, அதன் மேலேயே கருப்பை அடித்துவிடு என்று அர்த்தம். அப்படிச் செய்தால் நிறங்கள் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கீற்று தெரியாது. நல்ல ஏற்பாடு. அப்புறம் ஒரு நாள் ராத்திரி எழுத்தை வெள்ளையாக மாற்றினேன். நிறம் மாறியது, ஓவர்பிரிண்ட் குணம் ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. சாதாரண அச்சில் வெள்ளை என்று ஒரு மை கிடையாது. வெள்ளை என்றால் அங்கே மை படாமல் தாள் தெரிய வேண்டும். என் கோப்பு சொன்னதோ, "கீழே இருக்கும் நீலத்தைத் தொடாதே, அதன் மேல் ஒன்றும் இல்லாததை அடி." மெஷின் கீழ்ப்படிந்திருக்கிறது. ஓவர்பிரிண்ட் முன்னோட்டம் என்று ஒரு வசதி மென்பொருளில் இருக்கிறது. அதை ஒரு முறை சொடுக்கியிருந்தால் என் கண் முன்னாலேயே தலைப்பு மறைந்திருக்கும்.

நாலு வருஷம் படித்ததில் அச்சுக்கு என்று சொல்லிக் கொடுத்தது மூன்று மந்திரம். 300 டிபிஐ, அதாவது படத்தில் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்; 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டும் கோட்டைத் தாண்டி நிறத்தை நீட்டி வைப்பது; சிஎம்ஒய்கே, அதாவது நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்ற நாலு மை. ஏன் 300? ஏன் 3? யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பரீட்சைக்கு அது போதும். தலைப்பில்லாத 1,000 கையேடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல் முறையாகக் கேட்கத் தோன்றியது. "அண்ணே, இங்க வந்து கொஞ்ச நாள் சும்மா நின்னு பாக்கலாமா?" என்றேன். "நில்லுங்க. எதையும் தொடாம நில்லுங்க" என்றார்.

முதல் நாள் என்னை ஆச்சரியப்படுத்தியது மெஷினின் சத்தமோ மை வாசனையோ இல்லை. தண்ணீர். அச்சு மெஷினுக்குள் தண்ணீர் ஓடும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு பக்கம் மை உருளைகள், இன்னொரு பக்கம் தண்ணீர் உருளைகள், இரண்டும் ஒரே பிளேட்டைத் தொடுகின்றன. கழற்றி வைத்த பழைய பிளேட் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். மெல்லிய அலுமினியத் தகடு. அதில் என் பக்கமே இளநீலப் பூச்சில் தெரிந்தது. விரலால் தடவினேன். எழுத்து மேடாகவும் இல்லை, பள்ளமாகவும் இல்லை. முழுக்கச் சமம். பின்னே எப்படி எழுத்து மட்டும் மையைப் பிடிக்கிறது?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் மொத்த ரகசியமும். எழுத்தும் படமும் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பசையை விரும்பும் பூச்சு. மற்ற இடமெல்லாம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் சொரசொரப்பான அலுமினியம். முதலில் தண்ணீர் உருளை படும், வெற்றிடம் நனையும். அடுத்து மை உருளை படும். நனைந்த இடம் மையைத் தள்ளிவிடும், மீதி இடம் வாங்கிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர் அலோயிஸ் செனஃபெல்டர், பவேரியாவில், 1790-களின் கடைசியில். அவர் நாடகம் எழுதுகிறவர். தன் நாடகங்களைச் செலவு குறைவாக அச்சிட வழி தேடிக்கொண்டிருந்தார். சலவைக்குப் போட வேண்டிய துணிக் கணக்கைக் கையில் தாள் இல்லாமல் மெழுகு மையால் ஒரு சுண்ணாம்புக் கல்லில் எழுதி வைத்ததிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கல் போய்த் தகடு வந்துவிட்டது. தத்துவம் அதேதான்.

பிளேட்டைப் பார்த்தபோது இன்னொன்றும் உறுத்தியது. எழுத்து நேராகப் படிக்க முடிந்தது. அச்சு என்றால் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித்தானே இருக்க வேண்டும்? விஷயம் என்னவென்றால் பிளேட் தாளைத் தொடுவதே இல்லை. பிளேட்டிலிருந்து ரப்பர் போர்வைக்கு, பிளாங்கெட் என்பார்கள், மை இறங்குகிறது. அங்கே எழுத்து திரும்புகிறது. பிளாங்கெட்டிலிருந்து தாளுக்கு, மறுபடி திரும்பி நேராகிறது. இப்படி ஒரு இடம் மாறிப் போய் விழுவதால்தான் ஆஃப்செட் என்று பெயர். 1875-லேயே இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே என்பவர் தகர டப்பாக்களில் அச்சடிக்க இந்த வழியைப் பிடித்துவிட்டார். தாளுக்கு அது வந்தது 1900-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவரால், அதுவும் ஒரு தவறால். தாள் போடாமல் மெஷின் ஒரு சுற்று ஓடிவிட, அழுத்தும் உருளையைச் சுற்றியிருந்த ரப்பரில் மை பட்டுவிட்டது. அடுத்து வந்த தாளின் பின்புறத்தில் அந்த ரப்பர் அச்சு விழுந்தது. பார்த்தால், நேரடியாக அடித்த முன்புறத்தைவிட அது தெளிவாக இருக்கிறது. ரப்பர் தாளின் மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்கிறதல்லவா. தவறு நடந்ததும் அந்தத் தாளைக் கசக்கிப் போடாமல் திருப்பிப் பார்த்தாரே, அதைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். நானானால் கசக்கியிருப்பேன்.

தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் வெற்றிடத்தில் மை படிந்து தாள் முழுக்க அழுக்குப் பூத்தது போல ஆகும். கூடினால் நிறம் வெளிறிப் போகும். அண்ணன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தாளை உருவி, சாய்வு மேஜையில் போட்டு, முந்தைய தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்த மேஜையின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொத்தான்கள். தாளின் அகலத்தை ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் எவ்வளவு மை என்று அவற்றால் கூட்டிக் குறைக்கலாம். அதாவது அகலவாக்கில் கட்டுப்பாடு உண்டு, தாள் ஓடும் திசையில் கிடையாது. ஒரு பட்டைக்குள் மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மைதான்.

இதைக் கேட்டபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தனித்தனிப் பக்கங்களாகத்தான் என் மனசு யோசிக்கும். அண்ணன் ஒரு வேஸ்ட் தாளை எடுத்து மூன்று முறை மடித்து, மடித்த கட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 1-லிருந்து 16 வரை எண் எழுதச் சொன்னார். எழுதினேன். விரித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு முகத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16. பாதி எண்கள் தலைகீழ். 4-க்குப் பக்கத்தில் 13. 16-க்குப் பக்கத்தில் 1. முதுகு சேரும் ஜோடிகளைக் கூட்டினால் எப்போதும் 17. இப்படித்தான் என் கையேடு மெஷினில் ஓடியிருக்கிறது. திரையில் நான் பார்த்த வரிசை மடித்த பிறகு வருவது.

"இப்ப பாருங்க, 1-க்கு நேரா தலைகீழா என்ன இருக்கு?"

8 இருந்தது. என் கையேட்டில் 8-ம் பக்கம் முழுக்க இரவில் எடுத்த படம், கிட்டத்தட்ட கருப்பு. 1-ம் பக்கத்தில் வெளிர் பின்னணியில் ஒரு குழந்தையின் முகம். இரண்டும் ஒரே பட்டையில். இரவுக்கு மையைக் கூட்டினால் குழந்தையின் கன்னம் கறுக்கும். குழந்தைக்காகக் குறைத்தால் இரவு சாம்பல் பூசிப் போகும். அண்ணன் இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் சமாதானம் செய்து ஓட்டியிருக்கிறார். எனக்கு அந்தக் குழந்தை கொஞ்சம் மங்கலாக வந்தது போல முதலிலேயே தோன்றியது. படத்தின் குறை என்று நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் கனமான படத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தீர்மானிக்கும் முன் ஒரு தாளை மடித்து எண் போட்டுவிடுகிறேன். பக்க வரிசையை மாற்ற முடியாத வேலைகளும் வரும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. மாற்ற முடிகிற வேலையில் தெரியாமல் வைப்பதுதான் வலிக்கிறது.

அப்புறம் லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்னக் கண்ணாடி, அச்சகத்தில் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும். குழந்தையின் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கன்னம் இல்லை, புள்ளிகள். நீலப்பச்சை, ஊதாச் சிவப்பு, மஞ்சள், கருப்பு. நாலும் சேர்ந்து சின்னச் சின்ன ரோஜாப்பூ போல வட்டம் கட்டி நிற்கின்றன. நாலு நிறப் புள்ளிகளையும் ஒரே கோணத்தில் வரிசைப்படுத்தினால் ஒன்றோடு ஒன்று மோதிப் பட்டுச் சேலையை மடித்துப் பார்ப்பது போல அலையலையாக ஒரு கோலம் விழும், மோயரே என்பார்கள். அதைத் தவிர்க்கக் கருப்பு 45 பாகை, சிவப்பு 75, நீலம் 15 என்று முப்பது முப்பது பாகை தள்ளி வைக்கிறார்கள். மஞ்சளுக்கு அவ்வளவு இடம் மிச்சமில்லை. 0 பாகையில் ஒண்டிக்கொள்கிறது. மஞ்சள் கண்ணுக்கு அவ்வளவாக உறைக்காது என்பதால் சமாளித்துவிடலாம். கருப்புக்கு ஏன் 45 என்றால், குறுக்குக் கோடுகளையும் நெடுக்குக் கோடுகளையும் உடனே கவனிக்கும் நம் கண் சாய்வுக் கோட்டைச் சீக்கிரம் கவனிப்பதில்லை. அழுத்தமான நிறத்துக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடம்.

300-ன் கதையும் இங்கேதான் இருந்தது. நல்ல வழவழப்பான தாளில் ஓர் அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகள் என்பது பரவலான அளவு. ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு பிக்சல் வீதம் கொடுத்தால் புள்ளி செய்யத் தாராளமாகத் தகவல் கிடைக்கும். 150-ஐ இரண்டால் பெருக்கினால் 300. அவ்வளவுதான். செய்தித்தாளில் 85, 100 வரிசைதான் என்பதால் அங்கே 200 இருந்தாலே போதும். தொலைவிலிருந்து பார்க்கும் பெரிய பலகைக்கு இன்னும் குறைவு. 300-ஐ வேதவாக்காக எடுத்துக்கொண்டு பேனருக்கு நாலு ஜிபி கோப்பு அனுப்பி அச்சகத்தின் கணினியைத் திணறவைத்தவர்களில் நானும் ஒருவன்.

புள்ளி தாளில் விழும்போது கொஞ்சம் பரவும். மை அழுந்திப் பரவுவது ஒரு பகுதி, புள்ளியைச் சுற்றித் தாளுக்குள் வெளிச்சம் மாட்டிக்கொண்டு நிழல் போலத் தெரிவது இன்னொரு பகுதி. 50% என்று நீங்கள் போட்ட சாம்பல், தாளுக்குத் தக்கபடி 65, 70 போலத் தெரியும். பூச்சில்லாத சொரசொரப்புத் தாளில் இன்னும் மோசம். அந்தத் தாளின் அழகில் மயங்கி அதில் இருட்டுப் படங்களைப் போட்டுவிட்டு, அச்சகம் சரியில்லை என்று புலம்பும் வடிவமைப்பாளர்களை எனக்குத் தெரியும். அந்தத் தாளில் வேலை வந்தால் இப்போது படத்தின் நடுத்தொனிகளை முன்னாடியே வெளிறவைத்துவிடுகிறேன். திரையில் பார்க்கச் சோகை பிடித்தது போல இருக்கும். தாளில் சரியாகிவிடும்.

சின்ன வெள்ளை எழுத்தை நாலு நிறப் பின்னணியில் போடுவது அடுத்த பாவம். நிறத்துக்கு ஒன்றாக இருக்கும் நாலு பிளேட்டிலும் எழுத்தின் துளை அதே இடத்தில் விழ வேண்டும். தாளோ தண்ணீரில் நனைந்து நனைந்து ஒவ்வொரு யூனிட்டாகப் போகிறது. ஈரம் பட்டால் தாளின் நாரிழைக்குக் குறுக்குத் திசையில் கொஞ்சம் விரியும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் போதும், 'ணை'யின் சுழியும் 'ழு'வின் வாலும் அடைபட்டுப் போகும். நம் எழுத்துகளில்தான் எத்தனை சுழி! ஆறு பாயின்ட் அளவு ரோமன் எழுத்து தப்பிக்கும் இடத்தில் ஆறு பாயின்ட் தமிழ் எழுத்து தப்பிக்காது. பத்தி எழுத்தைக் கருப்பு ஒரே மையில் போடுங்கள், நாலு நிறம் கலந்த கருப்பில் போடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். பெரிய கருப்புப் பரப்புக்கு மட்டும் கருப்பு 100-உடன் நீலம் 60, சிவப்பு 40, மஞ்சள் 40 சேர்த்தால் கருப்பு ஆழமாக வரும். ஆசைப்பட்டு நாலையும் 100 போட்டால் மொத்தம் 400%. மை காயாமல் அடுக்கில் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். செட்-ஆஃப் என்று சொல்வது அதைத்தான். அது நடக்காமலிருக்க மெஷினில் தாள் வந்து விழும் பக்கம் தாளுக்குத் தாள் மெல்லிய பொடி தூவுகிறது, பெரும்பாலும் மாவுச்சத்துப் பொடி. புதுப் புத்தகத்தைத் தடவும்போது சில சமயம் விரலில் நறநறவென்று படுவது அதுதான்.

தாளைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம், இங்கே இரண்டு விஷயம் மட்டும். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் 16-ல் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம், ஏ4 தாள் ஒன்று சரியாக 5 கிராம். இதை வைத்து எதையும் எடை போட்டுவிடலாம். என் கையேட்டின் உள்பக்கங்கள் நாலு ஏ4-க்குச் சமம், 100 ஜிஎஸ்எம், ஆக 25 கிராம். அட்டை 250 ஜிஎஸ்எம், ஏறக்குறைய 16 கிராம். ஆயிரம் பிரதிக்கு 41 கிலோ. நானேதான் தூக்கி இறக்கினேன், கணக்கு சரி. இரண்டாவது, தாளுக்கு இழை உண்டு. ஒரு திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், மறு திசையில் கோணலாகக் கிழியும். இழைக்குக் குறுக்கே மடித்தால் மை பரப்பு வெடிக்கும். தலைப்பு போன துக்கத்தில் நான் கவனிக்கவே இல்லை, கருநீல முதுகு நெடுக வெள்ளையாக மயிர்க்கோடு ஓடியிருந்தது. இழைத் திசையைப் பற்றி நான் எதுவும் கேட்டிருக்கவில்லை, மடிக்கும் முன் மடிப்புக் கோட்டை அழுத்தி வைக்கும் கிரீசிங் போடச் சொல்லவும் இல்லை.

3 மி.மீ. ப்ளீட்டின் காரணம் கட்டிங் மெஷினைப் பார்த்த உடனே விளங்கிவிடும். கையளவு உயரமுள்ள தாள் கட்டை ஒரே இறக்கில் கத்தி வெட்டுகிறது. அழுத்தத்தில் மேல் தாளும் அடித்தாளும் இம்மி நகராமல் இருக்கவே முடியாது. பக்கத்தைச் சுற்றி ஓரத்தையொட்டி மெல்லிய கோடு போடும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒரு மி.மீ. நகர்ந்தாலே ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து அசிங்கமாகத் தெரியும். அன்றோடு விட்டேன்.

சரி, அந்த 1,000 கையேடு என்ன ஆனது? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு மறுபடி அடிக்க நேரமில்லை. அண்ணன்தான் ஸ்கிரீன் பிரிண்டிங் வழியைச் சொன்னார். ஆஃப்செட்டில் தாளில் தங்கும் மைப்படலம் ஏறக்குறைய ஒரு மைக்ரான். அதில் வெள்ளை மை ஊற்றினாலும் நீலத்தை மறைக்காது. ஸ்கிரீனில் மை அதைப்போல பத்து மடங்குக்கும் மேல் தடிமனாக உட்காரும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன் மேல் வெளிச்சம் பட்டால் இறுகும் ரசாயனப் பூச்சு, எழுத்து மட்டும் கழுவித் திறந்த துளை. அட்டையை விரித்து வைத்து, ரப்பர் பட்டையால் வெள்ளை மையை ஒரு இழுப்பு. இரண்டு பேர் இழுக்க, நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காயப் பரப்பினேன். பாதிக்கு மேல் போனபோது மணி நள்ளிரவைத் தாண்டிவிட்டது. கண்காட்சிக்கு வந்தவர்கள் கையேட்டை எடுத்ததும் தலைப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்கள். லேசாக மேடு தட்டியது. "நல்ல யோசனை, திட்டம் போட்டுச் செஞ்சீங்களா?" என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இங்கேதான் முதல் முறையாக உண்மையை ஒப்புக்கொள்கிறேன்.

அச்சகத்தின் பின்கட்டில் ஒரு பழைய ஹைடல்பெர்க் பிளேட்டன் மெஷின் நிற்கிறது. காற்றாடி போலச் சுழலும் இரண்டு கைகள் தாளை எடுத்துக் கொடுத்து வாங்கும். வரிசை எண் போடவும், கிழிக்கும் துளை போடவும், டை வெட்டவும் அதை இன்னும் ஓட்டுகிறார்கள். அதன் பக்கத்தில் ஈய எழுத்துகள் நிறைந்த மரப் பெட்டிகள். ஓர் எழுத்தைக் கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றும் கலந்த வார்ப்பு, ஆன்டிமனி கடினத்துக்கு. 1450-களில் மைன்ஸ் நகரில் கூட்டன்பெர்க் செய்த வேலையில் அழுத்தும் இயந்திரத்தைவிட இந்த எழுத்து வார்ப்புதான் பெரிது என்று எனக்குத் தோன்றும். அழுத்தும் திருகு எந்திரம் திராட்சை பிழியவே முன்பே இருந்தது. பெயர்த்து அடுக்கும் எழுத்தும் புதிதல்ல. சீனாவில் பி ஷெங் 1040-களிலேயே சுட்ட மண்ணில் செய்தார், கொரியாவில் உலோக எழுத்தில் அச்சான பௌத்த நூல் 1377-லிருந்து இருக்கிறது. ஒரே உயரத்தில், ஒரே சீரில், ஆயிரக்கணக்கில் எழுத்தை வார்த்துத் தள்ளும் முறைதான் மைன்ஸில் கைகூடியது.

வரிகளுக்கு நடுவே செருகிய மெல்லிய ஈயப் பட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். மென்பொருளில் 'லெடிங்' என்று ஒரு பெட்டியில் தினம் எண் தட்டுகிறேனே, அந்த லெட் இதுதான், ஈயம். இதை ஏதோ புத்தகத்தில் படித்திருப்பேன். இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தபோதுதான் இரண்டு பாயின்ட் இடைவெளி என்றால் எவ்வளவு என்று தெரிந்தது. இன்னொன்று. இப்படி மேடான எழுத்தை மை தடவித் தாளில் அழுத்தும் முறைக்கு லெட்டர்பிரஸ் என்று பெயர். இப்போது லெட்டர்பிரஸ் என்றால் எழுத்து தாளில் ஆழமாகப் பதிந்து பள்ளம் விழ வேண்டும் என்று கேட்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்து அச்சுக்காரர்களுக்கு அது வேலை தெரியாதவன் செய்வது. தாளின் பின்புறம் தடவினால் எதுவும் தட்டக் கூடாது, எழுத்து தாளை முத்தமிட்டுவிட்டு விலக வேண்டும். பின்கட்டு மெஷினில் வேலை செய்யும் பெரியவரிடம் ஆழப் பதிந்த அழைப்பிதழ் ஒன்றைப் பெருமையாகக் காட்டினேன். திருப்பித் தடவிப் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் நசுங்கிப் போயிருக்குமேப்பா" என்று வருத்தப்பட்டார்.

டிஜிட்டல் பிரஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை, அதன் மேல் கோபமும் இல்லை. 1993-ல் இண்டிகோ என்ற டிஜிட்டல் மெஷின் வந்ததிலிருந்து பிளேட் இல்லாமல், ஒவ்வொரு தாளும் வேறு வேறாகக்கூட அடிக்க முடிகிறது. ஐம்பது பிரதிக்கு ஆஃப்செட் போவது முட்டாள்தனம். பிளேட், நிறம் சேரும் வரை ஓடும் வேஸ்ட் தாள் என்று தொடக்கச் செலவு அத்தனையும் ஐம்பது தலையில் விழும். எண்ணிக்கை ஏற ஏற நிலைமை மாறும். எது எப்போது என்று அச்சகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள், வெட்கப்படாமல் கேட்கலாம்.

தனி மை ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 1963-ல் பான்டோன் நிற அட்டைகள் வந்த பிறகு, நாலு நிறத்தில் எட்டாத நிறத்தை எண் சொல்லித் தனி மையாகவே கேட்கலாம் என்றாயிற்று. அடுத்த வேலையாக வந்த ஒரு நோட்டீஸுக்கு நான் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்தது ரிஃப்ளெக்ஸ் ப்ளூ. அண்ணன் முகம் வாடிவிட்டது. காயவே காயாத நீலம் என்று அச்சகங்களில் அதற்குப் பெயர். மற்ற மைகள் காய்ந்து பைண்டிங்குக்குப் போன பிறகும் அது விரலில் ஒட்டும். "அவசரமா தம்பி?" என்று கேட்டார். அவசரம்தான். பக்கத்து நீலம் ஒன்றை அட்டையில் காட்டினார். இரண்டையும் 5000 கெல்வின் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தோம்; ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறம் குழல்விளக்கில் பிரிந்து போகும் என்பதால் அச்சகத்தில் நிறம் பார்க்க அந்த விளக்கு. எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது. அந்த நோட்டீஸைப் பார்க்கப் போகிற யாருக்கும் தெரியாது. பக்கத்து நீலத்தையே எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் அந்தக் கண்காட்சிக் கையேட்டுக்கு மறுபதிப்பு வந்தது. பக்கங்களை மாற்றி அடுக்கினேன். குழந்தைக்கு நேரே இப்போது வெயிலடிக்கும் ஒரு சுவர். அட்டையில் இழையைப் பார்த்து, கிரீசிங்கும் சொன்னேன். தலைப்பு ஆஃப்செட்டிலேயே, நீலத்தில் வெட்டி எடுத்த வெள்ளை. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். லென்ஸை வைத்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். நீலப் பரப்பில் ஒரு இடத்தில் கடுகளவு வெள்ளை வளையம், நடுவில் நீலப் புள்ளி. ஹிக்கி. பிளேட்டில் தூசி உட்கார்ந்தால் விழுவது. பேனாவால் சுழித்துக் காட்டினேன். அண்ணன் ஒரு நீளமான குச்சியை எடுத்துக்கொண்டு போய் மெஷின் ஓட ஓடவே பிளேட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தார். அடுத்து உருவிய தாளில் வளையம் இல்லை.

கையெழுத்துப் போட்டேன். தாளை வாங்கியவர் தலைப்பின் மேல் விரலை வைத்து, "தம்பி, இந்த எழுத்து இருக்கணும்தானே?" என்றார்.